அந்த முப்பத்தெட்டு நிமிடம் சர்வர் எங்கே நின்றது?

சம்பவம் நடந்து எண்பத்தெட்டாவது நாள் காலையில், சிறையில் இருந்த நர்ஸின் தங்கை துப்பறிபவரின் மாடி அறைக்கு ஏறினாள். கூடவே அவள் கணவனும் வந்தான். படியில் அவள் கால் இடறியபோது சட்டென்று முழங்கையைப் பிடித்துக்கொண்டான். இந்த மூன்று மாதமாக அவன் இல்லையென்றால் தான் எப்போதோ உடைந்து போயிருப்போம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

துப்பறிபவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு பெரிய கம்பெனியின் சர்வர் அறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் அவருக்கு நேர் எதிர். பிரிண்டர் ரிப்பேர் பார்ப்பவன். எதற்கும் வெடித்துவிடுவான் என்பதால் அவனுக்குப் பட்டாசு என்று பெயர். நாற்பது வயதைத் தாண்டியும் வெடிப்பது குறையவில்லை.

"சொல்லுங்கம்மா" என்றார் நிதானம்.

தங்கை வாயைத் திறக்கும் முன் கணவன் முந்திக்கொண்டான். "சார், இவ அக்கா வேலை பாத்த ஆஸ்பத்திரியில சர்வர் கம்ப்யூட்டரைப் பாத்துக்கறதே நான்தான். எல்லாத்தையும் நானே அலசிட்டேன். இவ மனசு ஆறட்டும்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

"மனசு ஆறணும்னா அவங்கதானே பேசணும்? நீங்க விட்டதை அப்புறம் சேத்துக்கலாம்."

தங்கை சொன்னாள். அவளுடைய அக்கா நர்ஸ். பெரியவர்கள் வார்டில் பதினைந்து வருஷ வேலை. அன்றைக்கு ஆள் இல்லையென்று குழந்தைகள் வார்டுக்கு மாற்றி விட்டார்கள். மதியம் நாலு வயசுப் பெண் குழந்தைக்கு வலிப்பு வந்தது. டாக்டர் கம்ப்யூட்டரில் மருந்தின் பெயரைப் போட்டார். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை ப்ரோக்ராமே ஒரு பட்டியலைப் பார்த்துச் சீட்டாக அடித்துத் தரும். சீட்டில் ஐந்து மில்லி என்று வந்தது. அக்கா ஐந்து மில்லி ஏற்றினாள். சாயங்காலம் குழந்தை செத்துப்போனது.

"கம்ப்யூட்டரைத் திறந்து பாத்தா அரை மில்லின்னு இருக்கு சார். பத்து மடங்கு குடுத்துக் கொன்னுட்டான்னு சொல்லிட்டாங்க. அக்கா அந்தச் சீட்டைப் பத்திரமா வெச்சிருந்தா. அதுவே அவளுக்கு எமனாப் போச்சு."

"ஏன்?"

"சீட்டுல லோகோ இல்ல. லோகோ இருக்க வேண்டிய இடம் வெள்ளையா இருக்கு. இவளே டைப் பண்ணி அடிச்சுக்கிட்டான்னு கேஸ். எது எப்ப நடந்துச்சுன்னு தானா எழுதி வெக்கற கம்ப்யூட்டர் லாக்லயும் அந்த நேரத்துல சீட்டு அடிச்சதாப் பதிவே இல்லியாம். இவரைக் கேட்டாங்க. லோகோ இல்லாம சீட்டே வராதுன்னு இவரும் எழுதிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. அவரால பொய் சொல்ல முடியுமா?"

"எழுத மனசே வரல சார்" என்றான் கணவன். "எனக்கும் அவங்க கூடப் பொறந்தவங்க மாதிரிதான்."

"ஜாமீன் கேக்கலியா?"

"மூணு வாய்தா போயிடுச்சு. இவருதான் வக்கீல்கிட்ட பேசறாரு. இப்பவே கேட்டா கிடைக்காது, கொஞ்ச நாள் தள்ளட்டும்னு." தங்கை கைப்பையைத் திறந்தாள். "வர்ற திங்கக்கிழமை குத்தத்தை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்கப் போறா. அவளே நம்ப ஆரம்பிச்சுட்டா சார். 'என் கண்ணுதான் மங்கிப் போச்சோ, நானேதான் அந்தச் சீட்டை அடிச்சுட்டு மறந்துட்டேனோ'ன்னு என்கிட்டயே கேக்கறா."

"ஒத்துக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றான் கணவன். "தண்டனை பாதியாக் குறையும். வாரா வாரம் போய்ப் பாக்கறேன். அவங்க தாங்க மாட்டாங்க சார்."

தங்கை சீட்டின் போட்டோவைக் கொடுத்தாள். பட்டாசு அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"மாமா! வலது ஓரத்துல பாருங்க, மயிரிழை மாதிரி ஒரு கோடு. பிரிண்டருக்குள்ள சுத்தற டிரம்முல கீறல். வேற எந்த பிரிண்டரும் இதே இடத்துல இதே கோடு போடாது!"

"வார்டு பிரிண்டர்லயே டைப் பண்ணி அடிச்சிருக்கலாமே" என்றான் கணவன்.

"அடிச்சிருக்கலாம்" என்றார் நிதானம். "வாங்க, போய்ப் பாக்கலாம்."

ஆஸ்பத்திரி நிர்வாகி அம்மாவின் அறையில் நாற்காலிகள் எல்லாம் மெத்தை வைத்தவை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சீக்கிரம் முடிங்க. அந்தக் குழந்தையோட அம்மா தினமும் வந்து வாசல்லயே உக்காந்துடறா. உள்ள வர்ற பேஷண்ட் அவளைப் பாத்துட்டுத் திரும்பிப் போறாங்க. நாங்களும் எத்தனை நாள்தான் பொறுத்துக்கறது?"

பட்டாசு பல்லைக் கடித்தான். பிறகு குழந்தைகள் வார்டுக்கு ஓடிப்போய்ப் புதிதாக ஒரு சீட்டு அடித்துக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பினான். வலது ஓரத்தில் அதே கோடு. மேலே லோகோ பளிச்சென்று இருந்தது.

நிதானம் அன்றைய லாக்கை அச்சடித்து வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"பன்னிரண்டு எட்டுக்கு ஒரு வரி. அதுக்கு அடுத்தது பன்னிரண்டு நாப்பத்தாறு. மதியத்துல உங்க ஆளுங்க இந்த ப்ரோக்ராமைத் திறக்கவே மாட்டாங்களாம்மா?"

"ஏன் திறக்காம? மருந்துச் சீட்டு அடிக்கறது காலையிலயும் சாயங்காலமும்தான், நடுவுல அவசரத்துக்கு மட்டும். ஆனா திறந்து பாக்கறவங்க நிமிஷத்துக்கு ரெண்டு பேராவது இருப்பாங்க."

"அப்ப முப்பத்தெட்டு நிமிஷம் மொத்த ஆஸ்பத்திரியும் தூங்கிச்சா?"

"பன்னிரண்டு எட்டுக்கு ஒரு நொடி கரண்ட் போச்சு சார்" என்றான் கணவன். "வந்துடுச்சு, ஆனா... அந்த வரிகளை அக்காவே அழிச்சிருக்கலாம்."

"சீட்டு அடிக்கவே இல்லன்னு அவங்க தலையில கல்லைப் போடறது இந்த லாக்தான். அதை அவங்களே அழிச்சுத் தங்களையே மாட்டி விட்டுக்குவாங்களா?" நிதானம் நிர்வாகி பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டர் கோளாறுன்னா எதுல எழுதுவீங்க?"

அலமாரியிலிருந்து ஒரு புகார் நோட்டு வந்தது. நிதானம் அன்றைய பக்கத்தைத் தேடி எடுத்துத் தங்கையின் முன் வைத்தார். "கொஞ்சம் படிங்கம்மா. எனக்குக் கண்ணாடி மாத்தணும்."

அவள் படித்தாள். "பன்னிரண்டு நாற்பது. முன்வாசல். நோயாளி வரவுச் சீட்டில் லோகோ வரவில்லை. சர்வரை மறுபடி ஓட்டிச் சரி செய்யப்பட்டது, பன்னிரண்டு நாற்பத்தாறு." எழுத்து கீழே போகப் போகச் சரிந்திருந்தது. அவளுக்கு அந்தச் சரிவு தெரியும். கடைக்குப் போகும்போது எழுதித் தரும் சீட்டில், பிறந்தநாள் வாழ்த்தில், அக்காவின் வக்கீலுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் இதே சரிவுதான். கீழே கையெழுத்தும் கணவனுடையதே.

"லோகோ இல்லாம சீட்டே வராதுன்னு எழுதிக் குடுத்தீங்களேங்க" என்றாள் மெதுவாக.

"மறந்துட்டேன்மா. தினமும் நூறு புகார் வருது."

"அந்த நாள்ல மூணே மூணுதான் இருக்கு" என்றான் பட்டாசு, நோட்டை எட்டிப் பார்த்து.

நிதானம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"தங்கச்சி, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். 'அலமாரியில இருக்கற டப்பாவை எடுத்துட்டு வா'ன்னு உங்களை அனுப்பறேன். எந்த வீட்டு அலமாரின்னு சொல்லல. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் நிக்கற வீட்டு அலமாரியைத் திறப்பேன்."

"இந்த ப்ரோக்ராமும் அப்படித்தான். 'மருந்துப் பட்டியல்னு ஒரு ஃபைல் இருக்கு, அதைப் படி'ன்னு பேரை மட்டும் எழுதி வெச்சிருக்காங்க. எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு முழு விலாசம் எழுதல. அதனால, சர்வரை எந்த ஃபோல்டர்ல நின்னு ஆரம்பிக்கறோமோ அங்கயே தேடும். ப்ரோக்ராமோட சொந்த ஃபோல்டர்ல நின்னு ஆரம்பிச்சா ஒரு தொந்தரவும் இல்ல. பட்டியல், லோகோ, லாக் எல்லாமே அங்க இருக்கு. வேற யாரோட ஃபோல்டர்லயாவது நின்னு ஆரம்பிச்சா?"

"லோகோ அங்க இருக்காது!" என்று பட்டாசு துள்ளினான். "அதான் வெள்ளை! லாக்கும் இங்க எழுதாம அங்க எழுதிடும்! அதான் ஓட்டை!"

"ஆனா மருந்துப் பட்டியல் கிடைச்சிருக்கு. கிடைக்கலன்னா சீட்டே வந்திருக்காது, குழந்தையும் பிழைச்சிருக்கும். அதே பேர்ல ஒரு பழைய பட்டியல் அந்த ஃபோல்டர்ல கிடந்திருக்கு. கரண்ட் வந்ததும் அவசரத்துல சர்வரைத் தன் சொந்த ஃபோல்டர்ல நின்னே ஆரம்பிச்சவர் ஒருத்தர். லோகோ வரலன்னு போன் வந்ததும் தப்பு புரிஞ்சு சரியான ஃபோல்டருக்குப் போய் மறுபடி ஆரம்பிச்சவரும் அவரே."

"ஆதாரம்?" என்றான் கணவன். அவன் முகத்தில் கலக்கம் இல்லை. "என் ஃபோல்டரை யார் வேணா பாத்துக்கலாம். ஒண்ணும் கிடையாது."

"மறுநாளே சுத்தம் பண்ணியிருப்பீங்க. தெரியும். நிர்வாகி அம்மா, தினம் நகல் எடுத்து வைக்கறது உண்டா?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லார் ஃபோல்டரும் இந்த டிஸ்க்குக்குப் போயிடும். இந்த அலமாரியில பூட்டி, சாவி என் இடுப்புல. தொண்ணூறு நாள் இருக்கும். அப்புறம் பழசு மேல தானா புதுசு எழுதிடும்."

தங்கை விரல் விட்டு எண்ணவில்லை. அவளுக்கு எண்பத்தெட்டு என்று தெரியும். அவன் தள்ளிப்போட வைத்த மூன்று வாய்தாக்களும் வரிசையாக அவள் கண் முன் வந்து நின்றன.

நிர்வாகி பக்கத்திலேயே இருக்க, நிதானம் அன்றைய நகலைத் திறந்தார். கணவனின் ஃபோல்டரில் ஒரு லாக் இருந்தது. முதல் வரி பன்னிரண்டு ஒன்பது, கடைசி வரி பன்னிரண்டு நாற்பத்தைந்து. நடுவில், பன்னிரண்டு இருபத்தொன்றுக்குக் குழந்தைகள் வார்டு, வலிப்பு மருந்து, ஐந்து மில்லி. பக்கத்தில் மருந்துப் பட்டியல். முப்பது மருந்துகள். முப்பதுக்கும் நேரே ஐந்து, ஐந்து, ஐந்து.

"இது என்ன கணக்கு?" என்று பட்டாசு கேட்டான்.

"கணக்கெல்லாம் இல்ல" என்றான் கணவன். "ப்ரோக்ராம் ஓடுதான்னு பாக்க ஆரம்பத்துல போட்டது. ஏதாவது ஒரு நம்பர் வேணும். விரல் பக்கத்துல அஞ்சு இருந்துச்சு."

தங்கைக்கு அந்தக் குழந்தையின் முகம் தெரியாது. வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முதுகு மட்டும்தான் வரும்போது கண்ணில் பட்டது. அந்த முதுகு இப்போது கண்ணை விட்டுப் போக மறுத்தது.

"வேணும்னு பண்ணலம்மா" என்று அவன் அவள் பக்கம் திரும்பினான். "ஒரு நிமிஷத்துத் தப்பு."

"அது ஒரு நிமிஷம். அதுக்கப்புறம் எண்பத்தெட்டு நாள் இருந்துச்சே? வாரா வாரம் போய் அவ கண்ணு மங்கிப் போச்சுன்னு அவளையே நம்ப வெச்சீங்களே, அது எத்தனை நிமிஷம்?"

"நல்லா யோசி. அக்கா ஒத்துக்கிட்டா மூணு வருஷம். அவங்களுக்குப் புருஷன், பிள்ளைன்னு யாரு இருக்கா? நான் போனா ஏழு, எட்டு வருஷம். வீடு போகும், நீ நடுத்தெருவுல நிப்ப. எல்லாம் உனக்காகத்தான் பண்ணேன்."

நிர்வாகி தொண்டையைச் செருமினார். "அவர் சொல்றதும் ஒரு விதத்துல நியாயந்தான். ஆஸ்பத்திரி ப்ரோக்ராமே தப்புன்னு வெளிய போச்சுன்னா இருநூறு பேர் வேலை என்னாகும்? நர்ஸம்மாதான் ஒத்துக்கறதா இருக்காங்களே."

"அடிப்பாவி!" என்று பட்டாசு எழுந்தே விட்டான். நிதானம் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"டிஸ்க் அவங்களோடது, நாம தூக்கிட்டுப் போக முடியாது" என்றார் தங்கையிடம். "நீங்க புகார் குடுத்தா போலீஸ் வந்து எடுத்துடும். நாளன்னிக்கு ஆறு மணி தாண்டினா ஒண்ணும் இருக்காது. குடுக்கறதும் விடறதும் உங்க இஷ்டம். யார் மேல குடுக்கறீங்கன்னு உங்களுக்குத் தெரியும். நான் கண்டுபிடிக்கத்தான் முடியும்."

அவள் அழவில்லை. நிர்வாகியின் மேஜையில் இருந்த போனைத் தன் பக்கம் இழுத்தாள். கணவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான், காலையில் படியில் பிடித்த அதே மென்மையோடு. அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு எண்ணை அழுத்தினாள். போலீஸ் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போகும்வரை நிதானம் அலமாரி முன்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை அவள் சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அக்கா தலை வாரி, ஒழுங்காக உடுத்தி, கையெழுத்துப் போடத் தயாராக வந்திருந்தாள். பேசும்போதே தன் விரல்களைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து, சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள். அது ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது.

"எங்க கையெழுத்துப் போடணும்டி? கொஞ்சம் தொட்டுக் காட்டச் சொல்லு. எனக்குத்தான் எதுவும் சரியாப் படிக்கத் தெரியலியே."

"போட வேண்டாம்க்கா. சீட்டுல அஞ்சுன்னுதான் இருந்துச்சு. நீ சரியாத்தான் படிச்ச. உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல."

அக்கா விரல்களைக் கீழே இறக்கினாள். சந்தோஷம் எதுவும் அந்த முகத்துக்கு வரவில்லை.

"சரியாப் படிச்சும் கொன்னுட்டேனா?" என்றாள்.

தங்கை வலை மேல் கையை வைத்தாள். அக்கா வலையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் கதவுப் பக்கம் தேடினாள்.

"எங்கடி உன் வீட்டுக்காரரு? திங்கக்கிழமை தவறாம வருவாரே. பாவம், எனக்காக எத்தனை அலைச்சல். இன்னிக்கு வரலியா?"

"வந்துட்டாருக்கா" என்றாள் தங்கை. "கம்பிக்கு உள்ள, ஆம்பளைங்க பக்கம் இருக்காரு."