பின்வாசலில் அள்ளியது

தலையணை மேல் விரித்து வைத்திருந்த விரல்கள் மூடியிருந்தன.

புவாலய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக உதோன் நகரச் சந்தையில் பப்பாளிக்காய் சாலட் இடித்து விற்றுக் குடும்பத்துக்குச் சோறு போட்ட வலது கை. இடித்து இடித்தே தோளில் தசைநார் அறுந்துபோக, முந்தாநாள்தான் தைத்திருந்தார்கள். வலி தெரியாமலிருக்க நரம்பை மரத்துப்போக வைக்கும் மருந்து, இடுப்பில் தொங்கிய சின்னப் பந்திலிருந்து கழுத்தோரக் குழாய் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. "நாளைக்குக் குழாயை எடுக்குற வரைக்கும் கை உங்க பேச்சைக் கேக்காதும்மா. கதகதன்னு இருக்கும். பயந்துடாதீங்க" என்று மருத்துவர் சொல்லித்தான் அனுப்பினார். கை திரும்பி வந்தால்தான் கடை.

இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஐஸ் பெட்டிக்குள் கிடந்த மீனைத் தொட்டதுபோல் இருந்தது.

வெளியே மழைக்கு முந்திய புழுக்கம். அடுப்படியில் ஒட்டரிசி வேகும் வாசனை. அதற்குள் எங்கிருந்தோ மருந்து வாடை. அடுப்புமுன் கணவனின் அக்கா தோங்பாய் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் படுத்து வந்தவர்களின் குவான், அதாவது உடம்புக்குள் குடியிருக்கும் உயிர்த்துணை, மிரண்டு அங்கேயே நின்றுவிடும். வீட்டார் மீன்வலையோடு போய், அவர்கள் சட்டையைக் காட்டி, 'வா, வா' என்று அள்ளி வந்து, மணிக்கட்டில் வெள்ளை நூலால் கட்டிவைக்க வேண்டும். இன்று காலை தோங்பாய் 'வா, வா' என்று கையசைத்து, அந்த மரத்த கையில்தான் கட்டினாள்.

"அண்ணி, எங்க அள்ளுனீங்க?"

"முன்வாசல்ல காவக்காரன் விடல. 'இங்க என்ன கெளுத்தியா மேயுது'ன்னு சிரிக்கிறான். போடான்னு பின்பக்கம் போயிட்டேன். ஈ காக்கா இல்ல. ஒரே வாரல்ல வலை கனத்துப்போச்சு. உன்ன மாதிரியே உன் குவானும் நல்ல கனம்டி."

பின்பக்கம் ஒரே ஒரு கதவுதான். பிணவறைக் கதவு.

அப்படியானால் தன் குவான் இன்னும் முன்வாசலில்தான் காத்து நிற்கிறது. புவாலய் இடது கையை நூலுக்குக் கொண்டுபோனாள். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தை உள்ளே விட்டு நெம்பினாள்.

மரத்த கை அவள் இடது கையைப் பிடித்தது.

அழுத்தமாக. பொறுமையாக. தோளில் ஒரு துளி வலியில்லை. விரல்கள் அவளுடையவை, பிடி அவளுடையது இல்லை.

பிறகு விட்டது. கையைத் தாங்கக் கழுத்தில் கட்டியிருந்த தொட்டில்துணியை விட்டு வெளியே வந்தது. உள்ளங்கை கீழ்நோக்க, வாசலைப் பார்த்து விரல்கள் மடங்கின. விரிந்தன. மடங்கின. காலையில் தோங்பாய் கூப்பிட்ட அதே மாதிரி.

வா. வா.

கீழே படிக்கட்டு முனகியது. ஒரு படி. மறுபடி முதல் படி. இன்னொருவர். இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்கும். இப்போது அது கேட்கவில்லை. எல்லாம் வெறுங்கால்கள்.

"யாரு புவா, இத்தன பேரு வந்திருக்காங்க?" என்றாள் தோங்பாய், அடுப்படியிலிருந்து.

கதவு வெளிச்சம் மறைந்தது. கை நிறுத்தவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.