உள்ளே இருப்பவளின் சாவி

காற்று ஏன் சூடாக வருகிறது? இரண்டு லைனையும் நான்தானே அணைத்தேன்?

அவள் டெஸ்டரை மறுபடி வைத்துப் பார்த்தாள். அதன் விளக்கு எரியவில்லை; மின்சாரம் இல்லை. வணிக வளாகத்தின் மொட்டைமாடியில், ஆள் மண்டியிட்டு நுழையும் அளவுக்குப் பெரிய ஏ.சி. எந்திரம் அது. குளிரூட்டும் மோட்டாருக்கு ஒரு லைன், சூடேற்றும் கம்பிச்சுருளுக்கு இன்னொரு லைன். இரண்டும் ஒரே பெரிய சுவிட்சிலிருந்து வருகின்றன. அதை இறக்கி, யாரும் மறுபடி ஏற்றிவிடாதபடி தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இந்தத் தகரப் பெட்டிக்குள் வந்திருந்தாள். உள்ளே போகிறவள் பூட்டைப் போட வேண்டும், சாவி அவளிடமே இருக்க வேண்டும். அவளும் தங்கையும் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து மாற்றாத வழக்கம். ஆனாலும் காற்றுக்குழாயின் இருண்ட வாயிலிருந்து, தூசியும் ஈரத்துணியும் கலந்த வாடையோடு, வெதுவெதுப்பாக ஏதோ அவள் பின்கழுத்தில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

வெளியே போய்விடலாம் என்று திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. தோளால் இடித்தும் அசையவில்லை. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. கைபேசியில் சிக்னல் இல்லை.

"அக்கா!" சுவிட்ச் அறைக்கு மேலாகப் போகும் அந்தக் குழாய் வழியே, அங்கே நின்ற தங்கையின் குரல் வந்தது. "உள்ளயே படுத்துட்டியா? நீ குறட்டை விட்டா கட்டடம் முழுக்கக் கேக்கும், பாத்துக்க. கீழ கடைக்காரங்க எல்லாம் வெந்துட்டு இருக்காங்க. வெளிய வந்துட்டியா, இல்லையா?"

"இல்லடி! கதவு மாட்டிக்கிச்சு. வந்து திற!"

குழாயிலிருந்து மூச்சுபோல வந்துகொண்டிருந்த சூடு நின்றது. பிறகு, அதற்குள்ளிருந்து, அவளுடைய சொந்தக் குரலே பேசியது.

"வந்துட்டேன்டி. சுவிட்சப் போடு."

எதிரொலி என்று நினைத்தாள். எதிரொலி என்றால் சொன்னதைத்தானே சொல்லும்?

"போடாத! நான் உள்ளதான் இருக்கேன்!"

"போடு, போடு," என்றது குழாய், அவளைப் போலவே சிரித்து.

குழாயின் குரல் மட்டுமே கேட்டவள்போலத் தங்கை அலுத்துக்கொண்டாள். "எப்படிப் போடறது? உன் பூட்டு தொங்குதே. நீயே வந்து திறந்தாத்தான் போடுவேன். சாவியக் கொண்டா."

"இதோ கொண்டாரேன்," என்றது குழாய்.

தகரம் நெளிந்தது. ஏதோ ஊர்ந்தது. முழங்கை. முழங்கால். மறுபடி முழங்கை. அவள் முதுகைக் கதவோடு ஒட்டிக்கொண்டாள். இன்னும் கிட்டே. சூடு. மூச்சு.

குழாயின் வாயில் ஒரு கை வெளிப்பட்டது. அவள் கை. கட்டைவிரலில் அவளுடைய தீக்காயத் தழும்பு. நகங்களில் இன்றைய கிரீஸ்.

உள்ளங்கை விரிந்தது.

"குடுத்துரு," என்றது அவள் குரல், கெஞ்சலாக. "அவ எனக்காகக் காத்துட்டு இருக்கா."

அவள் சாவியைப் பிடித்திருந்த விரல்களை இறுக்கினாள். சாவியின் பற்கள் சதைக்குள் இறங்கின.

"மாட்டேன்," என்றாள், மெதுவாக.

கை விரிந்தபடியே இருந்தது.