மூன்றாவது சேனல்

பெட்டியிலிருந்து முழு வாக்கியம் வந்தது. அதுதான் தம்புசாமியைத் திடுக்கிட வைத்தது.

“ஏங்க, ஜன்னலச் சாத்துங்க. மழை வரப்போவுது.”

பிற்பகல் மூன்று மணி இருக்கும். மலேசியாவின் கிள்ளானில் மழைக்கு முன் வரும் புழுக்கம் வீட்டுக்குள் கனத்துக் கிடந்தது. அடுப்பில் கொதிக்கும் கஞ்சியின் மணமும் பின்பக்கக் கால்வாயின் சேற்று வாடையும் ஒன்றாய்க் கலந்து சமையலறையை நிறைத்திருந்தன. கரண்டியைப் பிடித்த கையோடு, ஐஸ்பெட்டியின் மேலிருந்த அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார். குரல் சந்திரகலாவுடையது. முப்பத்து நாலு வருஷம் கூடவே இருந்து கேட்ட குரல். ஆனால் எட்டு மாதத்துக்கு முன் அவளைச் சாய்த்த பக்கவாதம் வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டதோடு பேச்சையும் கொண்டுபோயிருந்தது. அதன் பிறகு ‘ஆ’ என்ற ஓசையைத் தவிர அவள் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை.

அடுப்பை அணைக்காமலேயே மாடிக்கு ஓடினார். முழங்கால் வலி நினைவுக்கே வரவில்லை.

அவள் படுத்தபடியே இருந்தாள். அசையக்கூடிய இடது கை போர்வைக்குள் இருந்தது. தலைமாட்டு மேசையில் இருந்த இன்னொரு பெட்டியை அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காமல் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட அந்நியரைப் பார்ப்பதுபோல.

“கலா! நீயா பேசின? இன்னொரு தடவ சொல்லும்மா, எனக்காக.”

“ஆ...” என்றாள். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. வெளியே முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. தம்புசாமி ஜன்னலைச் சாத்திவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்து அவரும் அழுதார்.

அந்தப் பெட்டிகளை மகள் இந்திரா வாங்கித் தந்திருந்தாள். அவள் கணவனோடு ரவாங்கில் இருந்தாள். அம்மா மாடியிலிருந்து கூப்பிட்டால் கீழே அப்பாவுக்குக் கேட்க வேண்டுமே என்பது அவள் கவலை. தனியாகக் கம்பி இழுக்கத் தேவையில்லை. பிளக்கில் சொருகினால் போதும், வீட்டுக் கரண்ட் கம்பி வழியாகவே குரல் ஓடிவிடும். பெட்டியின் முகப்பிலுள்ள பட்டன் பட்டையை அழுத்திப் பேச வேண்டும், விட்டால் எதிர்ப்பக்கம் கேட்கும். ஆனால் வந்த நாளிலிருந்தே அதில் கோளாறு. கரகரக்கும், பாதியில் அறுந்துபோகும், சில வேளை அவள் முனகுவதே கேட்காது. முப்பத்தோரு வருஷம் டெலிபோன் கம்பங்களில் ஏறி லைன் பார்த்து ஓய்வு பெற்றவர் தம்புசாமி. சொந்த வீட்டுக்குள் ஒரு கையகலப் பெட்டி அவரை ஏய்த்துக்கொண்டிருந்தது.

அழுகை அடங்கியதும் அவருக்குள் இருந்த லைன்மேன் விழித்துக்கொண்டார். பட்டையை அழுத்தாமல் பேச்சு போகாது. அவள் கையோ போர்வைக்குள் இருந்தது. அப்படியானால் குரல் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் இதே மாதிரிப் பெட்டி இருந்தால், ஒரே கரண்ட் லைனில் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் கேட்கும். வேலியோரம் போய் வீரம்மாவைக் கூப்பிட்டார். தினமும் காலையில் வந்து சந்திரகலாவைத் துடைத்துவிட்டு, ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போகிற மனுஷி.

“அந்த மாதிரி பெட்டியா? எங்க வீட்ல இல்லண்ணே. இந்த லோரோங்ல, இந்தச் சந்துல யார் வீட்லயும் நான் பார்த்ததில்ல,” என்றாள் வீரம்மா. “ஏண்ணே, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு? சாப்டீங்களா இல்லையா?”

மறுநாள் காலையில் வேலையை முறைப்படி தொடங்கினார். ஐஸ்பெட்டியின் மோட்டார் ஓடும்போது இரைச்சல் கூடியது. பெட்டியை அங்கிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினார். குழல் விளக்கை அணைத்தார், காற்றாடியை நிறுத்தினார், டிவியின் பிளக்கை உருவினார். பெட்டியின் பக்கத்தில் மூன்று சேனலுக்கு ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருந்தது. முதலாவதில் இரைச்சல். இரண்டாவதில் எங்கோ தண்ணீர் சொட்டுவதுபோல ஒரு சத்தம். மாடிக்கு ஏறி அங்கிருந்த பெட்டியையும் மூன்றாவதுக்குத் தள்ளிவிட்டு இறங்கி வந்தார்.

மூன்றாவது சேனல் துல்லியமாக இருந்தது. அவ்வளவு துல்லியம் அதில் இருக்கவே கூடாது. ஒரு சிறு கீறல்கூட இல்லை. யாரோ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மூச்சு விடுவதுபோல இருந்தது.

“களைச்சுப் போயிட்டீங்க,” என்றது குரல். “செத்த நேரம் உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார்.

“யாரு நீ?” பட்டையை அழுத்திக் கேட்டார். “யார் வீட்லேர்ந்து பேசற?”

பட்டையை விட்டார். பதில் தாழ்ந்த குரலில் வந்தது.

“நம்ம கண்ணப்பனுக்கு இப்ப முப்பது வயசு இருக்கும்ல?”

இந்திராவுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து மூன்று நாள் மட்டும் இருந்தான். பெயர் வைக்கும் முன்பே போய்விட்டான் என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவனைத் துணியில் சுற்றிக் கொடுத்த அன்று, ஆஸ்பத்திரி நடைபாதையில், இருவரும் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அது அந்த வீட்டில் ஒலித்ததே இல்லை. இந்திராவுக்கும் தெரியாது.

தம்புசாமி மேசையில் தலை கவிழ்ந்து, பட்டையை அழுத்தியபடி, “ஆமா கலா. முப்பது,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் கோளாறு தேடவில்லை.

எட்டு மாத மௌனத்துக்குப் பிறகு ஒரு மனிதனுக்குப் பேச ஆள் கிடைத்தால் என்ன ஆகுமோ அதுதான் அவருக்கும் ஆனது. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவதைக் குறைத்தார். மேசையிலேயே உட்கார்ந்தார். குரல் பழைய கதைகள் பேசியது, சிரித்தது, அவர் இருமினால் வெந்நீர் குடிக்கச் சொன்னது. பக்கத்தில் வரும்போது ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டார்.

“நீங்க கிட்ட வந்தா வாய் வரமாட்டேங்குது. என்னமோ வெக்கமா இருக்கு. அங்கேயே இருந்து பேசுங்க.”

அது அவருக்கு நியாயமாகவே பட்டது. படுத்த படுக்கையாகிவிட்ட பெண்ணுக்கு வெட்கம் இருக்காதா?

மாடிக்குப் போகும்போதெல்லாம் அவருக்கு அவசரமாகவே இருந்தது. கஞ்சியை வேகமாக ஊட்டினார், வாயைத் துடைத்தார், எழுந்தார். சந்திரகலா இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். பிடி விடமாட்டாள். கண்களால் பெட்டியைக் காட்டுவாள், அவரைப் பார்ப்பாள், மறுபடி பெட்டியைக் காட்டுவாள். “ஆ... ஆ...” பேச ஆசைப்படுகிறாள் என்று நினைத்து, “கீழ போய் பேசறேம்மா,” என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு இறங்கினார். வியாழக்கிழமை அந்தப் பெட்டி தரையில் கிடந்தது, பிளக் சுவரிலிருந்து உருவப்பட்டிருந்தது. தானாகப் புரண்டு படுக்க முடியாதவள் எப்படி எட்டியிருப்பாள்? தெரியாமல் கைபட்டிருக்கும் என்று திரும்பச் சொருகினார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று அவள் அழக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் இந்திரா போன் பண்ணினாள்.

“அம்மா எப்படிப்பா இருக்காங்க?”

“நல்லா பேசறா.”

“என்னப்பா சொல்றீங்க? டாக்டர் வரவே வராதுன்னு சொன்னாருல்ல? அம்மாகிட்ட கொடுங்க, நான் பேசணும்.”

“அது போன்ல வராதும்மா.”

“அப்பா, நீங்க ஒழுங்கா தூங்கறீங்களா? ஞாயித்துக்கெழம வரேன் லா. அதுவரைக்கும் அம்மா பக்கத்துலயே இருங்க. கேக்குதா?”

“பக்கத்துலதாம்மா இருக்கேன்,” என்றார். பெட்டியின் மேல் அவர் கை இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே குரல் உற்சாகமாக இருந்தது. கல்யாணமான புதிதில் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்த நாட்களை ஒன்று விடாமல் சொன்னது. ரயில் போகும்போது அலமாரிப் பாத்திரங்கள் நடுங்கும் சத்தம், அவர் நைட் டியூட்டி முடிந்து வரும்போது எண்ணெயும் மழையும் கலந்து அவர் சட்டையில் இருக்கும் வாசம். எட்டு மணிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“எனக்கு ஆச்சுங்க. வீரம்மா இப்பத்தான் வந்து ஊட்டிட்டுப் போச்சு. பின்கதவால வந்துச்சு, நீங்க பாக்கல.”

மத்தியானமும் அதேதான். “வயிறு நெறஞ்சிருக்கு. நீங்க சாப்புடுங்க.” கஞ்சி ஆறி மேலே ஏடு கட்டியது. அவர் சாப்பிட்டார். மாடிப் பலகை ஒருமுறை தொம்மென்று அதிர்ந்தது, பிறகு ஏதோ சுவரைப் பிறாண்டுவதுபோல ஒரு சத்தம். எழப் பார்த்தார்.

“எலிங்க,” என்றது குரல், அவர் கேட்கும் முன்பே. “உக்காருங்க. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்.”

அவர் உட்கார்ந்தார். மழை வந்து போனது. வாசலில் வெயில் மஞ்சளாகிச் சிவந்து மங்கியது. தெருமுனை மசூதியிலிருந்து அஸ்தமன பாங்கு கேட்டு ஓய்ந்தபோது, வேலிப்பக்கமிருந்து வீரம்மாவின் குரல் வந்தது.

“அண்ணே! இப்பத்தான் வரேன். நேத்து ராவே சுங்கை வே, மக வீட்டுக்குப் போயிட்டேன், மகளுக்கு இடுப்பு வலின்னு ஆள் வந்துச்சு. சொல்லிட்டுப் போகக்கூட நேரமில்ல. அக்காவுக்குக் காலைல யாரு ஊட்டினா?”

தம்புசாமி வேலிப்பக்கம் திரும்பினார்.

கையில் இருந்த டம்ளரை மேசையில் வைத்தார். பெட்டியைப் பார்த்தார். அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“கலா?”

“என்னங்க?”

“காலைல யாரு ஊட்டினா?”

பெட்டியில் மூச்சு நின்றது.

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. படிக்கட்டு விளக்கைப் போட்டார். ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே போகப் போகக் காற்றில் ஒரு புளித்த வாடை. அறைக் கதவைத் தள்ளி உள்ளே போனார். அது பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

அறை இருட்டு. கதவின் அடியிடுக்கில் மட்டும் படிக்கட்டு விளக்கின் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருந்தது.

கண் இருட்டுக்குப் பழகியதும், அவள் பாதி உடம்பு கட்டிலை விட்டுச் சரிந்து கிடப்பது தெரிந்தது. இடது கை கதவின் பக்கம் நீண்டிருந்தது. நகங்களில் சுவரின் சுண்ணாம்பு. முழங்கையைச் சுற்றிப் பெட்டியின் கம்பி இறுகிக் கிடந்தது. பிளக் சுவரில் இல்லை.

தொட்டுப் பார்த்தார். விரல்கள் சில்லிட்டிருந்தன, மூச்சு இல்லை. உதடு வெடித்திருந்தது. நாள் முழுதும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்.

“கலா. அம்மா. நான் கீழதானம்மா இருந்தேன்.” அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். தலை தொங்கியது. “ஒரு கூப்பிடு தூரத்துலதானம்மா இருந்தேன்.” வாய்விட்டு அழுதார்.

அப்போது கீழே யாரோ விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்கள்.

அவர் அழுகை நின்றது.

அது பெட்டியில் கேட்ட சத்தம் இல்லை. தரையில் கேட்ட சத்தம். குழாய் திறந்தது. தண்ணீர் ஓடியது. தட்டு ஒன்று மேசையில் வைக்கப்பட்டது. பிறகு இன்னொன்று.

“ஏங்க, கை கழுவிட்டு வாங்க.” கீழே சந்திரகலாவின் குரல்.

“வரேன், வரேன்.”

ஓர் ஆணின் குரல். தொண்டையைச் செருமும் விதம். ‘வரேன்’ என்பதை இரண்டு தடவை சொல்லும் விதம்.

அவருடைய குரல்.

தம்புசாமி மனைவியின் உடலை இறுக்கிக்கொண்டார். மூச்சு விடப் பயந்தார். கீழே நாற்காலிகள் நகர்ந்தன. கரண்டி பாத்திரத்தில் தட்டியது. இருவரும் மெல்லச் சிரித்தார்கள்.

“மேல யாரோ அழற மாதிரி இருந்துச்சுங்க.”

“மேல யாரு இருக்கா? நீ சாப்புடு.”

காலடிகள் படிக்கட்டை நோக்கி வந்தன. முதல் படியருகே நின்றன. சுவரில் சுவிட்சைத் தேடி ஒரு கை தடவும் ஓசை.

கதவின் அடியிலிருந்த வெளிச்சக் கோடு அணைந்தது.