சாய்ந்த புள்ளி

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவளுக்குப் புதிதில்லை. பேருந்து நிறுத்தத்துச் சுவரில் கண் மருத்துவமனையின் சுவரொட்டி... ‘கண்களைக் காட்டினீர்களா?’ அச்சகத்தில் எழுத்துரு தேர்ந்தெடுப்பது அவள் வேலை. ‘க’வின் வளைவைப் பார்த்தே இன்ன எழுத்துரு என்று சொல்லிவிடுவாள். எழுத்தெல்லாம் ஒரே குடும்பம், கேள்விக்குறி மட்டும் வேற வீட்டுப் பிள்ளை என்று கைபேசியில் அக்காவிடம் சொல்லிச் சிரித்தாள்.

“எந்த வீடுன்னும் சொல்லிடுங்களேன்...”

பக்கத்தில் நின்றவன்தான். நனைந்த இமைகளுக்குள் கேலி... அந்தக் கண்களிலிருந்து அவளால் சட்டென்று பார்வையை எடுக்க முடியவில்லை.

எந்த வீடு? கேள்விக்குறியின் புள்ளி வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. ஒரு பக்கம் சாய்ந்த துளி. தெரியாது என்று சொல்ல அவளுக்கு எங்கே வாய் வரும்?

“ஏதோ கத்துக்குட்டி கிறுக்கினது,” என்றாள்.

அவன் முகம் வாடிவிட்டது. வந்த பேருந்தில் ஏறிக்கொண்டான். கம்பியைப் பிடித்த விரல்களில் கறுப்பு மை... அந்தக் கேள்விக்குறியை வரைந்தவனே அவன்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதன் பிறகு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் இரண்டு மூன்று பேருந்துகளை விட்டுவிட்டு நின்றாள், அவன் வரவேயில்லை. எழுத்துருப் புத்தகங்களை எல்லாம் புரட்டினாள். அந்தக் கேள்விக்குறி எதிலும் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அவ்வளவுதான் என்றால் சாப்பாடு ஏன் இறங்கவில்லை? பத்தாம் நாள் சுவரொட்டியையும் கிழித்துவிட்டார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மதியம் முதலாளி ஒரு மாதிரித் தாளை நீட்டினார். யாரோ சொந்தமாக ஓர் எழுத்துரு வரைந்து கொண்டுவந்திருக்கிறாராம், தேறுமா என்று பார்க்கச் சொன்னார். கடைசி வரியில் அதே கேள்விக்குறி! புள்ளி மட்டும் நிமிர்ந்திருந்தது.

தாளும் கையுமாக முன்னறைக்கு ஓடினாள். அவளை அங்கே எதிர்பார்க்காதவன் தடுமாறி எழுந்தான்.

“நீங்க சொன்னது சரிதாங்க, கத்துக்குட்டி கிறுக்கல்தான்... புள்ளி கோணலா இருந்துச்சு. மாத்திட்டேன்.”

“எதுக்கு மாத்துனீங்க?” என்றாள் அவள். “தெரியலைன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு, அதான் அப்படிப் பேசிட்டேன். பத்து நாளா அந்தப் புள்ளியைத் தேடிட்டிருக்கேன்...”

“புள்ளியை மட்டுமா?”

வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது. அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“இல்ல... உங்களையும்தான். முதல்ல அதைப் பழையபடி சாய்ச்சு வைங்க.”

பேனாவை வாங்கினான். முனை தாளைத் தொடவேயில்லை.

“கொஞ்சம் கையைப் பிடிச்சுக்குங்க,” என்றான் மெல்ல. “நடுங்குது...”

பிடித்துக்கொண்டாள்.