ஏழாவது கேள்வி

"யாருங்க என் கேள்வித்தாள்ல பென்சிலால கிறுக்கினது?"

மழையில் தொப்பலாக நனைந்து அச்சகத்துக்குள் நுழைந்தவள் போட்ட சத்தத்தில், புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். மிரண்ட கண்கள்... ஆனால் சிரிப்பை ஒளித்துவைக்கத் தெரியாத கண்கள்!

"நான்தாங்க. அந்த ஏழாவது கேள்வியை என் அக்கா படிச்சா, தாளை மடிச்சு வச்சுட்டுப் போயிடுவா."

மதநம்பிக்கை பெண்களின் பாலியல் நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்பது அவளுடைய எட்டு வருட ஆராய்ச்சி. வந்த இரண்டு வரன்களும் தலைப்பைக் கேட்டதுமே நழுவிவிட்டார்கள். இவன் என்னடாவென்றால் திருத்தவே கிளம்பிவிட்டான்!

'சமய நம்பிக்கை காரணமாகப் பிறப்புறுப்பு உபாதைகளுக்கு மருத்துவ உதவி நாடத் தயங்கியதுண்டா?' என்று அவள் கேட்டிருந்தாள். ஓரத்தில் அவன் எழுதியிருந்தது: 'கீழே வலி வந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? கடவுளிடமா, டாக்டரிடமா?'

"எழுத்துப்பிழை இருந்தா மட்டும் பாருங்க. கேள்வி கேக்கறது என் வேலை!"

விருட்டென்று வெளியேறினாள். அந்தக் கண்கள் மட்டும் கூடவே வந்தன... சனியன்கள்!

அடுத்த வாரம், பிரார்த்தனைக் கூடத்தின் பின்னறை. பன்னிரண்டு பெண்கள். அவளது ஆய்வின் கடைசிச் சந்திப்பு அது. ஏழாவது கேள்வி வந்ததும் வழக்கம்போல எல்லாத் தலைகளும் குனிந்தன. இதற்குப் பதில் வராவிட்டால் எட்டு வருட உழைப்பும் அரைகுறைதான். வீம்பை விழுங்கிக்கொண்டு, அவன் எழுதியபடியே கேட்டாள்.

மூலையில் இருந்த வயதான ஓர் அம்மா மெல்ல வாய் திறந்தாள். "கடவுள்கிட்ட மட்டும்தான்மா சொன்னேன்... பதினோரு வருஷமா."

"நானும்தான்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள்! அந்த அம்மாவை மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போக இரண்டு பேர் முன்வந்தார்கள்.

அங்கிருந்து அச்சகத்துக்கு ஓட்டமாக ஓடினாள்.

"பேசினாங்க! எல்லாரும் பேசினாங்க! உங்க கேள்விதான்..."

"நிஜமாவா!" அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"அன்னிக்குக் கத்தினதுக்கு மன்னிச்சுடுங்க."

"இதை ஃபோன்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்..." அவள் கன்னம் சுட்டது. "உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும்னு தோணுச்சு."

"ஒரு வாரமா கதவு திறக்கறப்பெல்லாம் நிமிர்ந்து பார்க்கறேன். யார் யாரோ வர்றாங்க... நீங்க வரலை."

"என் ஆராய்ச்சி என்னன்னு உங்க வீட்ல தெரிஞ்சா?"

"அக்காகிட்ட சொல்லிட்டேன். 'அவளை விட்டுடாதேடா'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பிடிச்சிருக்குன்னு சொன்னேன். உங்ககிட்டதான் இன்னும் சொல்லலை..."

"இப்ப சொல்லுங்க."

சொன்னான். அச்சு இயந்திரத்தின் இரைச்சலில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

"எனக்கும்தான்!" என்றாள் அவள், அச்சகமே திரும்பிப் பார்க்கும்படி.