பச்சையம்மா சொன்ன எண்

இப்போதெல்லாம் எவனும் சுவரேறிக் குதித்துத் திருடுவதில்லை. வாடகைக்கு வந்து, அங்கிள் என்று பல்லைக் காட்டி, உட்கார்ந்த இடத்திலேயே திருடுகிறான். முனிரத்தினத்தின் முடிவு அது. மாடியில் குடியிருக்கும் ராஜாராமன் தங்கமான மனுஷன் என்று மனைவி பச்சையம்மா சொன்ன வாரமே வீட்டைச் சுற்றிக் கேமரா மாட்டினார். அது பிடிப்பதையெல்லாம் சேர்த்து வைக்க ஒரு கம்ப்யூட்டரும் வாங்கினார். இன்று காலை, வாசலில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்ச் சம்ப்பின் இரும்பு மூடிக்குப் பூட்டும் போட்டாயிற்று. சாவி அரைஞாண் கயிற்றில்.

ஆனாலும் தண்ணீர் சரியில்லை. மத்தியானம் வாய் கொப்பளித்தபோது தேங்காய் எண்ணெய் வாடை அடித்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் குப்பைமேடும் பக்கத்திலேயே இருக்கும்போது எந்த வாடைதான் அடிக்காது என்று துப்பிவிட்டு வந்தார். காலையில் மோட்டார் போட்டதிலிருந்து கொஞ்ச நேரம் எங்கேயோ தொம் தொம்மென்று ஒரு சத்தம். குழாயில் காற்று அடைத்திருக்கும். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

பச்சையம்மாவைக் காலையிலிருந்து காணோம்.

கோபித்துக்கொண்டு குரோம்பேட்டையில் மகள் தமிழினி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று பழைய சோற்றைத் தானே போட்டுத் தின்றார். சாயங்காலம் தமிழினிக்குப் போன் செய்தால், அம்மா இங்கே வரவேயில்லை என்று அழ ஆரம்பித்தாள். மழை விடவில்லை. ஏரித் தண்ணீர் ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்கு வந்திருந்தது. அதில் இறங்கிவிட்டாளோ? எந்தப் பக்கம் போனாள் என்று கேமராவில் பார்த்துவிட்டால் போதும்.

கம்ப்யூட்டரைப் போட்டார். காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து அணைந்து கிடந்தது அது. ஜன்னல்கள் சாத்திய அறையில், கொசுவத்திப் புகைக்கு நடுவே, செத்த மீனின் வயிற்று நிறத்தில் திரை வெளிறி, பிறகு முழுக்க நீலமானது. இங்கிலீஷில் ஏதோ எழுத்து. கீழே எண் போட நீளமாகக் கட்டங்கள். எதைத் தட்டினாலும் அதே நீலம்.

நாவலூரில் வேலை செய்யும் மகன் தினகரன் ரோட்டுத் தண்ணீரில் மாட்டிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் தானாகவே பூட்டிக்கொள்ளும், சில சமயம் அப்படித்தான், யாரும் எதுவும் செய்யவில்லை என்று போனில் சொன்னான். தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டை முனிரத்தினம் எங்கேயும் கண்டதில்லை. மாடி வீட்டுக்காரன் வேலை இது என்று கத்தினார்.

"நீதான நைனா சொன்ன, கம்ப்யூட்டர் கணக்கு வேற யார் பேர்லயும் வேணாம்னு? படிக்கத் தெரியாதவ பேர்ல போட்டாதான் எவனும் கை வைக்க முடியாதுன்ன. அம்மா போன்ல போட்டன். தொறக்கற நம்பரு அதுலதான் கீது."

பகலெல்லாம் அடித்தும் கிடைக்காத போன். திரும்ப அடித்தார். மணி போனது. எடுத்தாள்.

"எங்கடி கீற?"

குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் வருமே, அப்படி ஒரு கமறல். பிறகு அவள் குரல், ஒவ்வொன்றாக.

"நாலு. ஒண்ணு. ஒண்ணு. ஏழு."

நம்பர் வேண்டும் என்று அவர் இன்னும் கேட்கவேயில்லை. எண்கள் வந்துகொண்டே இருந்தன; விரல் தானாகத் தட்டியது. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் யாரோ மடக்கென்று விழுங்கும் சத்தம். பஸ் நம்பரைக்கூடப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு ஏறுகிறவள். கடியாரம் பார்க்கத் தெரியாதவள். முனிரத்தினத்துக்கு உச்சந்தலை கொதித்தது.

"எவன்டி பக்கத்துல ஒக்காந்து படிச்சுக் காட்றான்?"

"யாரும் இல்லய்யா. இருட்டா கீது."

எண்கள் முடிந்தன. நீலம் போனது. காலையில் பிடித்த கேமராப் படத்தைப் போட்டார்.

காலை. வாசல். மழை பிடிக்காத வெளிச்சம். பச்சையம்மா வருகிறாள், கையில் பக்கெட்டும் தென்னந்துடைப்பமும். வெளி ஆளை உள்ளே விடாத வீடு. வருஷா வருஷம் சம்ப்பைக் கழுவுவது அவள்தான். போனை இடுப்பில் செருகுகிறாள். மூடியைத் திறக்கிறாள். அடித்தண்ணீரில் இறங்குகிறாள். தலை மறைகிறது.

அப்புறம் ஒரு கிழவன். அவருடைய லுங்கி. அவருடைய வழுக்கை. திறந்த மூடியைப் பார்க்கிறான். மாடியைப் பார்த்து ஏதோ திட்டுகிறான். குனிந்து பார்க்கவில்லை. மூடியைக் காலால் தள்ளிச் சாத்துகிறான். பூட்டுகிறான். சம்ப்பை நிரப்பும் போர் மோட்டாரின் சுவிட்சைப் போடுகிறான். போகிறான்.

மழை ஆரம்பிக்கிறது. யாரும் இல்லாத வாசல். பூட்டு குதிக்கிறது. மறுபடி குதிக்கிறது. படம் அதோடு அறுந்து போனது.

முனிரத்தினம் லுங்கி முனையால் வாயைத் துடைத்தார். நாக்கில் தேங்காய் எண்ணெய்.

"நான் இல்ல," என்றார். "மாத்தி வச்சிருக்கானுங்க. இப்பல்லாம் எது வேணா மாத்தறானுங்க."

மேஜைமேல் போன் இன்னும் அணையவில்லை. அதிலிருந்து தண்ணீர் ஒரு கோடாக வழிந்து அவர் பக்கம் வந்தது.

"சாவிய குடுய்யா."

குடையை எடுத்தார். செருப்பை மாட்டினார். தெருவில் போய்த் தேடினால் கிடைப்பாள். குரோம்பேட்டையிலேயே தமிழினிக்குத் தெரியாமல் வேறு யார் வீட்டுக்காவது போயிருப்பாள். கேட்டுக்குப் போக அந்த மூடியைத் தாண்டியாக வேண்டும். விளிம்பெல்லாம் தண்ணீர் பொங்கி வழிந்தது. அதில் நீளமாக நரைமுடி ஒன்று மிதந்தது.

காலை வைத்தார்.

செருப்புக்கு அடியில், நேர் அடியில், தொம்.

இடுப்புச் சாவி பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. முனிரத்தினம் அரைஞாண் கயிற்று முடிச்சை இன்னும் இறுக்கினார்.

"காத்து," என்றார். "குழாயில காத்து."

குனிந்து பார்க்காமல் கேட்டைத் திறந்து, ஏரித் தண்ணீர் நிற்கும் தெருமுனைப் பக்கம் நடந்தார். பின்னால் பூட்டு குதித்துக்கொண்டே இருந்தது.