தொட்டிக்குள்ளிருந்து பதில்

அன்றைக்குப் பகல் முழுக்க ஒன்றாம் தொட்டியின் மூடி வாயைத் திறக்கவில்லை.

காகித ஆலையின் வெளுப்புக் கூடத்தில் அவள் ஆபரேட்டராகச் சேர்ந்து ஆறு வருடம். அந்த மூடி ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. கூழை வெள்ளையாக்கும் குளோரின் டையாக்சைடைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து அந்தத் தொட்டியில்தான் இருட்டில் வைத்திருப்பார்கள். ஒரு குளோரின், இரண்டு ஆக்சிஜன், ஒட்டிக்கொண்டிருக்கும், ஒத்துப்போகாது. லாரியில் ஏற்றி அனுப்ப முடியாத சரக்கு, தேவைப்படும் இடத்திலேயே செய்து அங்கேயே தீர்த்துவிட வேண்டும். சூடு ஆகாது, வெளிச்சம் ஆகாது, அடைத்து வைத்தால் ஆகவே ஆகாது. அதனால் ஆலையில் எல்லோரும் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீருக்கு மேலே மஞ்சள் ஆவி கூடும்போதெல்லாம் கவிழ்த்து வைத்த மூடி கொஞ்சம் எழும்பி, ஆவியை வெளியே விட்டுவிட்டு, டங்கென்று உட்காரும். அந்த டங்கில்தான் அவளுக்குத் தினமும் தலைவலி. வீட்டுக்குப் போயும் அது காதுக்குள் கேட்கும். நேற்று ராத்திரிகூட அதைச் சொல்லிப் புருஷனிடம் அழாத குறையாகப் புலம்பியிருந்தாள்.

புருஷன் அதே கூடத்தில் ஃபிட்டர். இப்போது பக்கத்திலிருந்த இரண்டாம் தொட்டிக்குள் இருந்தான். அதைக் காலி செய்து கழுவியிருந்தார்கள். உள்ளே வெடிப்பு விட்டிருந்த பூச்சைச் சுரண்டும் வேலை. முகமூடியை மாட்டிக்கொள்ளும் முன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"உன் தலைவலிக்கு இன்னைக்கு மருந்து போட்டுட்டேன்."

"என்ன மருந்து?"

"சாயங்காலம் சொல்றேன். ஒழுங்கா தட்டு, தூங்கிடாத."

தொட்டிக்குள் ஆள் இருந்தால் மேலே, வாய்ப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஏணி ஏறச் சோம்பல்பட்டவர்கள் சட்டத்துக்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தார்கள். கீழே நிற்பவர் தொட்டியை மூன்று முறை தட்டினால், உள்ளே இருப்பவர் சுத்தியலால் இரண்டு முறை பதில் தட்ட வேண்டும். அவளும் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தாள். டக், டக், டக். சற்றுப் பொறுத்து உள்ளிருந்து டொக், டொக். ஆள் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம்.

கூடத்தில் வெயில் நுழைய வழியில்லை. கூரைத் தகட்டின் இடுக்குகளில் மட்டும் பகல் நூல் நூலாகத் தொங்கியது. தரையில் ஈரம், பம்புகளின் முனகல், நீச்சல் குளத்தில் தீக்குச்சி கிழித்தது போன்ற அந்த வாசனை. வாசனை என்று அவளால் இப்போது சொல்லத்தான் முடியும். காலையில் உள்ளே வரும்போது மூக்கில் ஏறும். பத்து நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும். இங்கே வேலை பார்ப்பவர்கள் யாரும் மூக்கை நம்புவதில்லை, காதைத்தான் நம்புவார்கள்.

மூடியின் சத்தமில்லாத அந்த அமைதி முதலில் அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது. பிறகு ஏனோ உறுத்தியது. தட்டினாள். பதில் வந்தது, கொஞ்சம் தாமதமாக. அசதியாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி தட்டினாள். டொக், டொக். சுரண்டும் சத்தம் மட்டும் கேட்கவில்லை. ஓய்வெடுக்கிறான் போல.

சுவரில் தொங்கிய இன்டர்காம் கத்தியது. சூப்பர்வைசர்.

"ரெண்டாவது டேங்க் வேலை முடிஞ்சுதாம்மா?"

"இன்னும் இல்ல சார். உள்ளதான் இருக்காரு. பதில் தட்டறாரு."

"மணியப் பாரு. மாஸ்க் அரை மணி தாங்கும். முக்கால் மணி ஆச்சு."

அவள் இன்டர்காமைத் தொங்கவிட்டுவிட்டு ஓடிவந்து இரண்டாம் தொட்டியின் சுவரில் இடது உள்ளங்கையை அழுத்தினாள். வலது கையால் தட்டினாள். மூன்று முறையும் இரும்பு அவள் உள்ளங்கையில் அதிர்ந்தது.

டொக், டொக்.

பதில் காதுக்குக் கேட்டது. கைக்குத் தெரியவில்லை.

இன்னொரு முறை தட்டினாள். பதில் வந்தது. உள்ளங்கையின் கீழே இரும்பு செத்துக் கிடந்தது.

மெல்ல நகர்ந்து ஒன்றாம் தொட்டியின் சுவரில் கையை வைத்தாள். ஆள் இல்லாத தொட்டி. கழுத்து வரை மாமியார் நிரம்பிய தொட்டி. இங்கிருந்தே கையை நீட்டி ஸ்பேனரால் மற்றதைத் தட்டினாள்.

டொக், டொக்.

அவள் உள்ளங்கை அதிர்ந்தது.

எவ்வளவு நேரமாக? எந்தத் தட்டலோடு அவன் நின்றுபோனான்? அவளுக்குத் தெரியவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அது சொல்லிக்கொண்டே இருந்தது, அவள் நம்பிக்கொண்டே இருந்தாள்.

ஏணியில் ஏறினாள். கால் இரண்டு முறை வழுக்கியது. மேலே முதலில் கண்ணில் பட்டது ஒன்றாம் தொட்டியின் மூடிதான். அதன் கைப்பிடியில் கம்பி சுற்றி, தொட்டியின் விளிம்போடு இறுக்கிக் கட்டியிருந்தது. விரல் நுழையும் அளவுகூட மூடி எழும்பாது. முடிச்சை அவளுக்குத் தெரியும். வீட்டு வாசல் கேட்டில் இருப்பதும் அதே முடிச்சு.

உன் தலைவலிக்கு மருந்து.

வெளியே போக வழியில்லாத ஆவி, இரண்டு தொட்டிகளையும் சேர்க்கும் மேல்குழாய் வழியாகத் திரும்பியிருந்தது. நடுவில் ஒரு வால்வு உண்டு. பழைய வால்வு.

இரண்டாம் தொட்டியின் வாயருகே முழங்காலிட்டாள். உள்ளே காற்று மஞ்சளாக, விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை நின்றது. அசையாமல் நின்றது. உள்ளே இறங்கும் ஏணியின் மேல்படியை ஒரு கையுறை பற்றியிருந்தது. மணிக்கட்டில் கயிறு, கயிற்றில் சுத்தியல். அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை. டார்ச்சை எடுத்தாள். வெளிச்சம் ஆகாது என்பது ஞாபகம் வந்தது. அணைந்த டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அவன் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது.

"ஏங்க," என்றாள். கண் எரிந்தது.

பிடித்து இழுக்கக் கையை நீட்டினாள். மஞ்சளுக்குள் விரல் பட்டதும் இருமல் அவளைப் பின்னால் தள்ளியது. விழாமலிருக்க ஒன்றாம் தொட்டியின் மூடியைப் பிடித்தாள். எப்போதும் ஜில்லென்று இருக்கும் மூடி.

வெதுவெதுப்பாக இருந்தது.

கம்பி முடிச்சில் விரலை வைத்தாள். கீழே தொங்கிய இன்டர்காமிலிருந்து சூப்பர்வைசரின் குரல், "என்னம்மா, பதில் வருதா? பதில் வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் தட்டவில்லை. ஸ்பேனர் கீழே ஸ்டூலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

அவள் விரல்களுக்கு அடியில், மூடிக்கு உள்ளிருந்து, மெதுவாக:

டொக். டொக். டொக்.

மூன்று.

பிறகு நின்றது. பதிலுக்குக் காத்திருந்தது.